நாலு நாள் ஓட்டம்: கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஓடத் தயாராவது எப்படி

இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணி. திருவையாற்றில் நான் தங்கியிருந்த மாடி அறையிலிருந்து கீழே வரப் பதினெட்டுப் படிகள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி, ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொன்றாக இறங்கினேன். நேராக இறங்கினால் தொடை தீயாக எரிந்தது. முந்தின நாள் கல்லணையிலிருந்து 35 கி.மீ. ஓடி வந்தது என்னவோ அத்தனை சுகமாக இருந்தது. குளிர்ந்த காற்று, லேசான கால், கடைசி ஐந்து கிலோமீட்டரை விரட்டி வேறு ஓடினேன். அதற்கான வட்டியைத்தான் அந்தப் படிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் கும்பகோணத்தோடு கதை முடிந்தது. அடுத்த வருடம் பூம்புகார் போய்ச் சேர்ந்தேன், முதல் வருடத்தைவிட மெதுவாக ஓடி.

ஒரு நாள் மாரத்தானுக்குப் பயிற்சி செய்தவர்கள் இந்த ஓட்டத்தில் சறுக்குவது இங்கேதான். மாரத்தானில் 42 கிலோமீட்டர் முடிந்ததும் படுத்துக்கொள்ளலாம். பல நாள் ஓட்டத்தில் அன்றைய ஓட்டம் முடிகிற இடத்தில் நாளைய ஓட்டம் தொடங்கிவிடுகிறது. குளிப்பது, சாப்பிடுவது, பாதத்தைத் துடைப்பது, எத்தனை மணிக்குப் படுப்பது எல்லாமே ஓட்டத்தில் சேர்த்திதான். கீழே சொல்வதெல்லாம் இரண்டாம் நாள் காலையில் எழுந்து, படியில் முகத்தைக் காட்டி இறங்குவதற்கான வழி.

இது நம்மூருக்குப் புதிதும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். திருச்சியிலிருந்து என்றால் சுமார் 150 கி.மீ. விடியுமுன் கிளம்புகிறார்கள், வெயில் ஏறினால் மரத்தடியில் படுக்கிறார்கள், சாயங்காலம் மறுபடி நடக்கிறார்கள். மொராக்கோவில் சஹாரா பாலைவனத்தில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் தே சாப்ளே ஓட்டம் சுமார் 250 கி.மீ.; அதிலும் பலர் நிறைய தூரத்தை நடந்துதான் கடக்கிறார்கள். நடப்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் நாலு நாள் ஓடக் கூடாது.

முதலில், இது உங்களுக்கானதா?

கடந்த ஆறு மாதமாக வாரத்துக்கு மூன்று நாலு நாள் ஓடுகிறீர்களா? 10 கி.மீ. ஓடிவிட்டு அன்றைக்கு வழக்கமான வேலையைப் பார்க்க முடிகிறதா? அப்படியானால் இன்னும் 20 வாரத்தில் தயாராகலாம். இல்லையென்றால் இந்த வருடத்தை 10 கிலோமீட்டருக்குக் கொடுங்கள். அவசரப்பட்டால் எலும்பு விரிசலில் போய் நிற்கும். நுரையீரலும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தூரத்தைக் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்த யாராவது இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்த்து, ஈசிஜி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நீள ஓட்ட நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று கேட்காமல் ஓடவே வேண்டாம்.

பாதையும் நாளும்

நான் சொல்லும் பாதை காவிரியோடு போவது. முதல் நாள் கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. இரண்டாம் நாள் திருப்பழனம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். மூன்றாம் நாள் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை. நாலாம் நாள் பூம்புகார். முதல் மூன்று நாளும் ஏறத்தாழ 35 கி.மீ., கடைசி நாள் 25. எந்தக் கரையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடக்குறைய வரும். போனில் அளந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் முழுப் பாதையையும் ஒருமுறை போய் வாருங்கள். பாலம் வேலை நடக்கிற இடம், நாய் அதிகமுள்ள தெரு, காலை ஐந்து மணிக்கே திறக்கும் டீக்கடை எதுவும் வரைபடத்தில் இருக்காது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. மார்ச்சிலிருந்து வெயில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மிச்சம் இருப்பது ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும். பெரும்பாலும் ஜனவரியில் வரும் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றில் அறை கிடைப்பது கஷ்டம். பொங்கல் வாரத்தில் சாலை முழுக்க வண்டி. அதனால் நான் பிப்ரவரி முதல் வாரம் என்பேன். அப்போது விடியற்காலையில் பனி இருக்கும், ஒன்பது மணி வரை தாராளமாக ஓடலாம். ஒரே குறை, மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடிவிடுவதால் ஆற்றில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும். நுரை பொங்கும் காவிரியோடு ஓட ஆசைப்பட்டால் ஆகஸ்டில்தான் ஓட வேண்டும். அந்தப் புழுக்கத்தில் 35 கி.மீ. ஓடிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இன்னொன்று, அது சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். "ஓரமா போ தம்பி, நெல்லு காயுது" என்று ஒரு ஆத்தா கையில் இருந்த துடைப்பத்தை நீட்டினார். ஓரம் என்று அவர் காட்டியது லாரி வரும் பக்கம். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் வழிவிட்டு நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லை மட்டும் மிதிக்காதீர்கள். திட்டு வாங்குவது ஒரு பக்கம், காய்ந்த நெல் ஷூவுக்கடியில் மணல்போல வழுக்கும்.

இருபது வாரம்

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓட வேண்டுமென்றால் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் தொடங்க வேண்டும்.

முதல் ஆறு வாரம் வாரத்துக்கு நாலு நாள். மொத்தம் 30 கி.மீ.-இல் தொடங்கி 45-க்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீள ஓட்டம், 12-இலிருந்து 20 வரை. எல்லாமே பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நாலு வாக்கியம் தொடர்ந்து பேச முடியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தனியாக ஓடினால் ஒரு தேவாரப் பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள், அதே சோதனைதான். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் கால் பங்கு குறைக்க வேண்டும். அந்த வாரத்தை வீண் என்று நினைப்பவர்கள் அடுத்த மாதம் பிசியோதெரபிஸ்ட் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கட்டத்திலேயே நடை-ஓட்டத்தைப் பழகிக்கொள்ளுங்கள். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் வேக நடை. களைத்த பிறகு நடப்பது வேறு; முதல் கிலோமீட்டரிலிருந்தே கடிகாரம் பார்த்து நடப்பது வேறு. பின்னதில் தொடைச் சதை அடிவாங்குவது குறையும். என் இரண்டாவது முயற்சியில் நடையையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆனது. 35 கி.மீ.-க்கு நாலு மணி நாற்பது நிமிடம். நாலரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குள் நிழலுக்கு வந்துவிடலாம். அதைவிட வேகம் தேவையில்லை.

ஏழாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு வரை பயிற்சியின் முகம் மாறுகிறது. இனி நீள ஓட்டம் ஒன்றல்ல, இரண்டு, அடுத்தடுத்த நாள். சனி 16, ஞாயிறு 10 என்று ஆரம்பித்து, சனி 22, ஞாயிறு 16 வரை போங்கள். இதில் முக்கியமானது ஞாயிற்றுக்கிழமைதான். காரணம் இருக்கிறது. பழகாத உழைப்புக்குப் பிறகு வரும் சதை வலி உடனே உச்சத்துக்குப் போவதில்லை. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் உச்சமாகும். முதல் நாள் ஓட்டத்தின் முழு வலி இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வந்து நிற்கும் என்று அர்த்தம். ஆனால் அதே சதை அந்த அடியை ஒருமுறை வாங்கிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தூரம் அவ்வளவாக வலிக்காது. ஞாயிற்றுக்கிழமை விறைத்த காலோடு ஓடுவது அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளத்தான். முதல் இரண்டு கிலோமீட்டர் கிழவன் நடையாக இருக்கும், மூன்றாவதில் கால் இளகும். அது இளகும் என்பதை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரங்கள் சரியாக மழைக்காலத்தில் விழும். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டில் இருங்கள். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து இரட்டிப்பாக்க வேண்டாம், போனது போனதுதான். வயல் வரப்பிலும் ஆற்றங்கரை மண் பாதையிலும் அப்போது ஓடாதீர்கள். டெல்டாவின் வண்டல் களி ஷூவில் ஒட்டினால் ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கனக்கும், கணுக்கால் பிசகவும் வாய்ப்பு அதிகம். தஞ்சாவூரில் இருப்பவர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பள்ளி மைதானம், ரயில்வே ஸ்டேஷன் சாலை, எது தண்ணீர் நிற்காமல் இருக்கிறதோ அது.

பதின்மூன்றிலிருந்து பதினேழாவது வாரம் வரை உச்சம். இதில் இரண்டு முறை மூன்று நாள் தொடர் ஓட்டம் வேண்டும். பதினாலாவது வாரம் வெள்ளி 18, சனி 24, ஞாயிறு 16. பதினாறாவது வாரம் 25, 30, 20. அந்த மூன்று நாளில் மொத்தம் 75 கி.மீ. ஆகிறது, அந்த வாரத்தில் வேறு எதுவும் ஓட வேண்டாம். நாலு நாளில் 130 கி.மீ. ஓட, பயிற்சியில் 130 ஓடிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பதினாறாவது வாரத்து மூன்று நாளையும் நாடகத்தின் ஒத்திகை மாதிரி நடத்துங்கள். அதே நாலரை மணி, அதே ஷூ, அதே சாப்பாடு, அதே மாலை வேலைகள். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காதவர்கள் வியாழன் இரவே ஆபீஸிலிருந்து கிளம்பி, வெள்ளி காலை ஓடிவிட்டு வேலைக்குப் போகலாம். நான் அப்படித்தான் செய்தேன். மதியம் கணினி முன்னால் தூங்கி விழுந்தது உண்மை.

பதினெட்டாவது வாரம் வழக்கமான தூரத்தில் அறுபது சதவீதம், பத்தொன்பதில் நாற்பது, கடைசி வாரம் இரண்டு முறை ஐந்து ஐந்து கிலோமீட்டர். இந்த நேரத்தில் இல்லாத வலியெல்லாம் முளைக்கும், பயம் பிடிக்கும், "ஒரு 20 ஓடிப் பார்த்துவிடலாமா" என்று தோன்றும். ஓடாதீர்கள்.

தட்டை நிலத்தின் தொல்லை

டெல்டா தட்டையாக இருப்பதால் சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மேடு பள்ளம் இருந்தால் ஒரு சதை உழைக்கும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். இங்கே கல்லணையிலிருந்து கடல் வரை ஒரே சதை, ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான முறை மிதிபடுகிறது. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் இருபது நிமிடம் வலுப் பயிற்சி கட்டாயம். ஒரு படிக்கட்டு போதும். விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், ஒவ்வொரு காலுக்கும் பதினைந்து, மூன்று சுற்று. ஒற்றைக் காலில் படியேறி, மூன்று எண்ணிக்கைக்கு மெதுவாக இறங்குங்கள். இந்த மெது இறக்கம்தான் தொடையைக் காப்பாற்றும். அப்புறம் தோப்புக்கரணம், பிள்ளையாருக்குப் போடுவதைவிட மெதுவாக, இருபது.

சாலையின் சரிவையும் கவனியுங்கள். நம் தார்ச்சாலைகள் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து வலது ஓரமாக ஓடுவதே பாதுகாப்பு, ஆனால் நாள் முழுக்க ஒரே சரிவில் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கும். வண்டி இல்லாத கரைச்சாலைகளில் நடுவில் ஓடி ஈடுகட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் நெற்றி விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் கிளம்பவே கூடாது. நாய் துரத்தினால் நின்று, திரும்பிப் பார்த்து, நடங்கள். ஓடினால்தான் அதற்கு விளையாட்டு. கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

பாதம்

ஒரு பயிற்சி நாளில், ஜனவரி நடுவில், குத்தாலத்துக்கு முன்னால் ஒரு படித்துறை. தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, முழங்கால் வரை ஐந்து நிமிடம் நின்றேன். அந்தச் சுகத்தைச் சொல்ல வார்த்தையில்லை. துண்டு எடுத்துப் போகவில்லை. ஈரப் பாதத்தின் மேலேயே சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆறாவது கிலோமீட்டரில் இடது குதிகாலுக்குப் பின்னால் ஏதோ சுருண்டிருப்பதுபோல இருந்தது. சாக்ஸ் மடிந்திருக்கும் என்று நின்று பார்த்தேன். மடிந்திருந்தது தோல்தான். எட்டணா அகலக் கொப்புளம், ஏற்கெனவே கிழிந்திருந்தது. மீதி தூரத்தைப் பஸ்ஸில் வந்தேன்.

ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். எங்காவது சுருக்கென்று சூடு தெரிந்தால் அந்த நொடியே நில்லுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்" என்பது இதில் செல்லாது. பாதத்தைத் துடைத்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் டேப்பைச் சுருக்கமில்லாமல், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கொப்புளம் பெரிதாகி நடக்கவே முடியவில்லையென்றால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் இயற்கை கொடுத்த கட்டு. சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம்.

நாலு நாளில் பாதம் வீங்கும். அதனால் வழக்கத்தைவிட அரை அளவோ ஒரு அளவோ பெரிய ஷூ, குறைந்தது இரண்டு ஜோடி, இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகியவை. பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஊறிவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு, உள்ளாடை விளிம்பு எல்லாவற்றிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடும், நான் முயன்று பார்த்தாயிற்று.

அனுபவசாலிகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் ஷூ லேஸ். இரண்டாம் மூன்றாம் நாளில் கணுக்காலின் முன்பக்கம், நாக்குத் துணிக்கு நேர் கீழே ஒரு வலி வரும். பாதத்தை மேலே தூக்கினால் கிர்ரென்று உரசுவதுபோலக்கூட இருக்கும். வீங்கிய பாதத்தை இறுக்கிக் கட்டிய லேஸ் தசைநாரை அழுத்துவதால் பெரும்பாலும் வருவது அது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை குனிந்து லேஸைத் தளர்த்துங்கள். மேல் ஓட்டையில் கோக்காமல் விடுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

ஓடும்போது ஒரு மணி நேரத்துக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், சின்னப் பூவன் பழத்தில் அதைவிடக் குறைவு. இரண்டு மேசைக்கரண்டி குளுக்கோஸ் பவுடரிலும் கிட்டத்தட்ட 25. கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் வாய் காய்ந்திருக்கும்போது பல்லில் ஒட்டி உயிரை வாங்கும்; பேரீச்சம்பழம் மேல். பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள். காசு கொடுத்து, ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் மாவுச்சத்து ஜெல் வாங்கினால் பயிற்சியிலேயே பழகுங்கள். வயிறும் ஒரு தசைதான், அதற்கும் ஒத்திகை வேண்டும்.

கிளம்புமுன் நாலு மணிக்கு என்ன சாப்பிடுவது? என் வயிற்றுக்கு ஒத்துவந்தது முந்தின இரவே வாங்கி வைத்த மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம், பருப்பும் புளியும் எட்டாவது கிலோமீட்டரில் கேள்வி கேட்கும். பழைய சோறு உப்புப் போட்டுக் கரைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஒத்துக்கொண்டால் வழியிலும் ஒத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைவாகக் குடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். விரல் மோதிரம் இறுகுவது, ஓடி முடித்த பிறகு எடை கூடியிருப்பது இதன் அடையாளம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடுங்கள், முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இழந்த முழுவதையும் ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், சோதனையில் வந்த அளவைத் தாண்டாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைவிட மலிவான நல்ல பானம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். சோடியம் மொத்தம் சுமார் 1.7 கிராம். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். நான் ஒரு பாட்டில் இது, அடுத்தது வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடிப்பேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு; எனவே அது மட்டும் போதாது. வழியில் இளநீர் வெட்டித் தருகிறவரிடம் கொஞ்சம் உப்பும் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார், கேளுங்கள். நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் தொடங்கும் வேலை

அறைக்கு வந்ததும் கட்டிலில் விழத் தோன்றும். அதற்கு முன்னால் இந்த வரிசையை முடித்துவிடுங்கள்; பயிற்சியின் எல்லா இரட்டை ஓட்டத்திலும் இதையே செய்து கை பழகியிருக்க வேண்டும். முதல் அரை மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ளே போக வேண்டும். நான் ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு இரண்டு முட்டை தின்பேன். பிறகு குளியல். பாதத்தை விரல் இடுக்கு வரை துடைத்துப் பவுடர் போட்டு, செருப்போடு இருங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் காலைக்குள் ஈரம் போய்விடும். மதியம் நல்ல சாப்பாடு, தயிர் கட்டாயம். மாலையில் பத்து நிமிடம் மெதுவாக நடை, கோவில் பிராகாரம் ஒரு சுற்று போதும். இரவு பருப்பு, சுண்டல், மீன், முட்டை என்று எதுவாவது.

திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் வர முடியாது. மதியம் சாப்பிடுங்கள், அதிகாலையில் அந்த நெய் தாங்காது. கும்பகோணத்தில் மாலை ஐந்து மணிக்கு டிகிரி காபி நுரையோடு வந்து நிற்கும். நான் ஒருமுறை இரண்டு குடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுங்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். நாலு நாளும் எந்த மருந்தும் தூக்கம் செய்வதைச் செய்யாது.

சாமானைச் சுமக்க, நண்பர் ஒருவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தால் போதும். ஏழு எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். அவருக்குச் சாப்பாடும் பெட்ரோலும் உங்கள் செலவு. அப்புறம், உங்களை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே. "மாப்ளே, போதும், வண்டில ஏறு" என்று அவர் சொன்னால் வாதாடுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

இரு காலிலும் பரவலாக இருக்கும் வலியோடு ஓடலாம். ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக்காட்டும்படி எலும்பில் வலித்தால் நிறுத்த வேண்டும்; விரிசலாக இருக்கலாம். வலியால் நடையே மாறிவிட்டால் நிறுத்த வேண்டும். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம், நேரே ஆஸ்பத்திரி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுப்ரோபன், டைக்ளோபினாக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

ஓடுகிறவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். 108-க்கு போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா இருக்காமல் நிழலில் படுக்க வைத்துத் தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பம்புசெட் பக்கத்தில் இருந்தால் அதன் தொட்டியே நல்ல மருந்து, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூம்புகாரில்

கடைசி ஐந்து கிலோமீட்டரில் காற்றில் உப்பு வாசம் வரும். கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலை இழுக்கும் கடல் அது, தசை பிடித்த காலோடு உள்ளே இறங்கினால் திரும்ப முடியாது. மயிலாடுதுறைக்கு பஸ் இருக்கிறது. ஜன்னலோரத்துக்கு ஆசைப்படாமல், கால் நீட்ட இடமுள்ள சீட்டாகப் பாருங்கள். நடுவில் ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரம் சைக்கிளோ நீச்சலோ. மூன்றாவது வாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு. கறுத்துப்போன நகம் தானாக விழும் வரை பிடுங்க வேண்டாம்.